நான்காவது கேள்வி

மழைங்கிறது இயற்கைங்க, என்று ஆரம்பித்துவிட்டார் அமைச்சர் குலோத்துங்கன், இனி இவரை யாராவது நிறுத்தினால்தான் உண்டு, நிறுத்த வேண்டியவரோ இங்கே ஸ்டுடியோவில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறார். மழை இயற்கை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவா ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த மனுஷனை லைவில் பிடித்து உட்காரவைத்தோம்? என் முன்னால் சுவர் முழுக்கத் திரைகள். இடது பக்கத் திரையில் எங்கள் ஸ்டுடியோ, நெறியாளர் தனஞ்செயன், நீலக் கோட்டு, கையில் கேள்விகள் எழுதிய அட்டை. வலது பக்கத்தில் அமைச்சர், அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அவருடைய ஊரில், அவர் வீட்டு வரவேற்பறையில், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது, காதில் நாங்கள் கொடுத்தனுப்பிய இயர்பீஸ். இரண்டு பேர் காதுக்கும் என் மேஜையிலிருந்து வழி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் தனஞ்செயன் காதில் பேசலாம், பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் விருந்தினர் காதில் பேசலாம். நான் புரொட்யூசர், தயாரிப்பாளர் மேகலா என்று கடைசியில் சின்ன எழுத்தில் ஓடும். முகம் தனஞ்செயனுடையது, கேள்வி என்னுடையது என்று சேர்ந்த புதிதில் அம்மாவிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது முகம் மட்டும்தான் போகிறது, கேள்வி எங்கே என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளைக்காரன் காலத்துல போட்ட வடிகால்ங்க, என்கிறார் அமைச்சர். வந்துவிட்டான் வெள்ளைக்காரன். எழுபத்தெட்டு வருஷம் கழித்தும் எல்லாவற்றுக்கும் அவன்தான் வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பாவம். தனஞ்செயன் தலையாட்டுகிறார். நல்ல தலை அது, டை அடித்து, பக்கவாட்டில் கொஞ்சம் நரையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்த தலை, நரை இருந்தால்தான் நம்புவார்களாம். தடுப்பை எடுக்கச் சொன்னது யார். நாலே சொல். வாயைத் திறந்து கேட்டால் மூச்சு முடிவதற்குள் முடிந்துவிடும். நான்காவது கேள்வியாக அவரே கைப்பட எழுதி வைத்திருக்கிறார், நான் பார்த்தேன்.

ஒரு பஸ் கண்டக்டர் டிக்கெட் எங்கே என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ங்கிறது பொதுமக்கள் சொத்துங்க, கடந்த ஆட்சியில இந்த ரூட்டே கிடையாதுங்க, என்று நான் பதில் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு அருமையா சொன்னீங்க மேடம் என்று அடுத்த சீட்டுக்குப் போய்விடுவாரா? விசில் ஊதி நடுரோட்டில் இறக்கிவிட மாட்டாரா? கண்டக்டருக்கு இருக்கிற ரோஷம் எங்களுக்கு இல்லாமல் போனது எப்படி, நாங்கள்தான் நான்காவது தூணாம், தூண் என்றால் அசையாமல் நிற்கும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டுவிட்டோம் போல. கேள்வி சின்னது. அந்த வீடியோவைப் பார்த்த எவருக்கும் அதைத் தவிர வேறு கேள்வி தோன்றாது. கல்லுப்பாலம் சுரங்கப்பாதை, மேலே ரயில், கீழே ரோடு, ஐப்பசி மழையில் இடுப்பளவு தண்ணீர். நுழைவாயிலின் குறுக்கே போலீஸ் இரும்புத் தடுப்புகளைப் போட்டிருக்கிறது, நகைக்கடை விளம்பரம் எழுதின தடுப்புகள், மணப்பெண் கழுத்து நிறையச் சிரிக்கிறாள். எதிரே பேக்கரிக்காரர் மாடியில் நின்று தண்ணீரைப் படம் எடுக்கப் போனவர் வேறொன்றைப் படம் எடுத்துவிட்டார். சைரன் சத்தம். இரண்டு போலீஸ்காரர்கள் நனைந்துகொண்டே ஓடிவந்து தடுப்புகளைச் சுவரோரம் இழுத்துப் போடுகிறார்கள். உயரமான வெள்ளைக் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகின்றன, இரண்டாவது காரின் முன்னால் கொடி, அது அமைச்சர் கார். கடைசியில் வந்த ஜீப்பில் அந்தப் போலீஸ்காரர்களும் தொற்றிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். தடுப்புகள் சுவரோரமே கிடக்கின்றன, மணப்பெண் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள், பாதை திறந்து கிடக்கிறது, மழை பெய்கிறது. பேக்கரிக்காரர் கடையைப் பார்க்கக் கீழே இறங்கிவிட்டார், வீடியோ அங்கே முடிகிறது. அதற்குப் பிறகுதான் ரோஸ்லின் ஸ்கூட்டியில் வந்திருக்கிறாள். நர்ஸிங் படிக்கிற பிள்ளை, இருட்டில் தண்ணீரின் ஆழம் தெரியுமா, தடுப்பு இல்லையே, போகலாம் என்றுதானே அர்த்தம். தண்ணீரில் மூழ்கிச் செத்ததற்குக் காரணம் அந்தப் பெண்ணின் கவனக்குறைவு என்று மறுநாள் செய்தி வாசித்தோம். நாங்கள்தான் வாசித்தோம். இப்போது அந்த வீடியோ எங்கள் சிஸ்டத்தில் பத்திரமாகத் தூங்குகிறது. ஏன் போடவில்லை என்றால் செய்தி ஆசிரியர் சொல்கிறார், அமைச்சர் தரப்புப் பதில் இல்லாம போட்டா ஒருதலைப்பட்சம்மா, பதில் வாங்குங்க, போட்டுடலாம். பதில் ஏன் வரவில்லை என்றால் யாரும் கேட்கவில்லை. யாரும் ஏன் கேட்கவில்லை என்றால், செக்குமாடு சுற்றுகிறது, மூன்று மாதமாக நானும் கூடவே சுற்றுகிறேன்.

இன்றைக்குக் கேட்டுவிடுவோம் என்று லூர்துமேரி அக்காவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ரோஸ்லினுடைய அம்மா. பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை, புருஷன் இல்லை, ஒரே பிள்ளை, அதுவும் இல்லை. மனுவை எடுத்துக்கொண்டு அமைச்சர் வீட்டு வாசலுக்கே போய் நின்றிருக்கிறார், மூன்று தடவை, கேட்டுக்கு உள்ளே விடவில்லை. காலையில் போன் செய்தார், இன்னைக்கு ரெண்டாம் பூசைக்குப் போவல தாயி, டிவி முன்னாலயே இருக்கேன், கேட்டுருவாவளாம்மா? கேட்டுடுவோம்க்கா என்றேன். அதே உறுதியோடு ஒப்பனை அறைக்குப் போய்த் தனஞ்செயனிடமும் கேட்டேன், நான்காவது கேள்வி இருக்குல்ல சார்? முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார், இருக்கும்மா, அதுக்குத்தான முன்னாடி மூணு, சும்மா பதமா இறக்கணும்ல. பதமாக இறக்குகிறாராம், பல் டாக்டர் மாதிரி. ஆனால் அதற்கு முன்பே அமைச்சரின் பி.ஏ. ஸ்பீக்கர் போனில் வந்ததையும் நான் கேட்டேன். என்னென்ன கேப்பீங்க சார், என்று அவன் கேட்க, எல்லாம் ஜெனரலாத்தான் தம்பி, அண்ணன் ஃப்ரீயா பேசட்டும், என்று இவர் சொல்ல. அண்ணன். லைவில் மாண்புமிகு, போனில் அண்ணன். பேட்டி எடுப்பதற்கு முன் இப்படி ஒரு போன் பேச்சு நடப்பது எங்கள் தொழிலில் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவது போல, யாருக்கும் சங்கடம் இருக்கக் கூடாதில்லையா. இதோ மூன்றாவது கேள்வி முடிகிறது. நிவாரணப் பணிகளை முடுக்கிவிட்டிருக்கோம்ங்க, ராத்திரி பகல் பாக்காம களத்துல நிக்கிறோம்ங்க. எந்தக் களம் ஐயா, இந்த வரவேற்பறையா? பொத்தானை அழுத்துகிறேன், சார், நாலாவது, இப்பக் கேளுங்க. தனஞ்செயன் காதைத் தொடுகிறார், கேட்டுவிட்டது. அட்டையைப் பார்க்கிறார். கட்டைவிரல் நான்காவது வரி மேல் நிற்கிறது, குளோசப்பில் எனக்குத் தெரிகிறது. விரல் ஒரு வரி கீழே இறங்குகிறது. வரப்போற தேர்தலை எப்படிப் பார்க்கறீங்க சார்? அமைச்சர் சாய்ந்து உட்கார்கிறார். நான் கையில் இருந்த பேனாவை மேஜையில் எறிந்தேன்.

விளம்பரம். பிரஷர் குக்கர், அப்புறம் வேட்டி. ஸ்டுடியோ ஸ்பீக்கரில் கத்தினேன், ஏன் சார் விட்டீங்க? அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஃப்ளோ வரலம்மா, செகண்ட் ஹாஃப்ல பாக்கலாம், என்றார். ஃப்ளோவா? தண்ணியில முங்கிச் செத்த பொண்ணைப் பத்திக் கேக்க ஃப்ளோ வேணுமா சார்? அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தனஞ்செயன் முகம் சுண்டியது. ரொம்பப் பேசற மேகலா, நாளைக்கு நாம கூப்பிட்டா இவங்க வரமாட்டாங்க, அப்புறம் உன் நிகழ்ச்சிக்கு யாரை உட்கார வைப்ப? அதுதான் விஷயம். இவர்கள் வர வேண்டும், வர வேண்டுமென்றால் கேட்கக் கூடாது, கேட்கக் கூடாதென்றால் எதற்கு வர வேண்டும் என்று எவனும் யோசிப்பதில்லை. வந்தாரா, உட்கார்ந்தாரா, சிரித்தாரா, போதும். பக்கத்தில் கேமரா மாற்றுகிற அருள்தாஸ் மெதுவாக, மேடம், மினிஸ்டருக்கு ஆடியோ போகுதான்னு செக் பண்ணச் சொல்றாங்க, என்றான். விருந்தினர் பொத்தானைக் குத்தினேன். அது குத்தினால் அப்படியே நிற்கும், மறுபடி குத்தினால்தான் விடும், கூட நேரம் பேச வேண்டியிருக்கும் என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. சார், ஸ்டுடியோவில இருந்து பேசறேன், கேக்குதுங்களா? நல்லாக் கேக்குதும்மா, என்றார் அமைச்சர், சாப்பிட்டியாம்மா? அந்தக் குரலில் அத்தனை பாசம். கேடுகெட்ட என் வாய் சாப்பிட்டேன் சார் என்றது. இப்படித்தான் கவிழ்க்கிறார்கள். எங்கள் ஊரில் ஒவ்வொருவனையும் சாப்பிட்டியா என்று கேட்டே கவிழ்த்திருக்கிறார்கள். அதற்குள் டீ வந்தது, வாங்கிப் பொத்தான்கள் பக்கத்திலேயே வைத்தேன், கப் சூடு, கைபேசி அதிர்ந்தது, லூர்துமேரி அக்கா, கேக்கலியேம்மா என்று ஒரே வரி, அருள்தாஸ் லைவ் போறோம் என்றான்.

மறுபடி அந்த வெள்ளைச் சட்டை. தனஞ்செயன் முதல் வேலையாக என்ன செய்கிறார் பாருங்கள், காதைச் சொறிவது மாதிரி கையைக் கொண்டுபோய் இயர்பீஸைக் கழற்றிக் காலருக்குள் விட்டுக்கொள்கிறார். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் இதை. என் குரல் வேண்டாம் என்றால் இப்படித்தான், அமைச்சர் பேசுவது ஸ்டுடியோ ஸ்பீக்கரிலேயே வந்துவிடும். நேயர்களுக்கு ஒன்றும் தெரியாது, அங்கே ஒரு பெண் வாயை அடைத்தாயிற்று என்று. உங்க தொகுதி மக்கள் உங்களைக் குடும்பத்துல ஒருத்தராப் பாக்கறாங்களே சார், அதோட ரகசியம் என்ன? ரகசியமாம். கேட்கிறவனுக்குக் கூச்சமில்லை, சொல்கிறவருக்கு இருக்குமா, எளிமைங்க, என்கிறார், கதவு எப்பவும் திறந்தே இருக்கும்ங்க. மூன்று தடவை மூடிய கேட்டுக்கு வெளியே நின்றவள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள், இங்கே மீன் நழுவுவதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பிடிக்கிறவரே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருக்கிறார். நேரம் ஓடுகிறது. இன்னும் கொஞ்சம்தான். இது போனால் இந்த மனுஷனை இனி எந்த நாற்காலியில் பிடிப்பது? விசாரணை அறிக்கை அடுத்த வாரம் வரும், கவனக்குறைவு என்று எழுதியிருக்கும், வீடியோ சிஸ்டத்திலேயே கிடந்து அழியும், ரோஸ்லின் கவனக்குறைவானவளாகவே கல்லறையில் கிடப்பாள். தனஞ்செயன் அட்டையைக் கவிழ்த்து வைக்கிறார், முடிக்கப் போகிறார், குரலைக் கனிவாக்கிக்கொள்கிறார், இவ்வளவு வேலைக்கு நடுவுல உடம்பை எப்படிப் பாத்துக்கறீங்க சார்? உடம்பா? என் கட்டைவிரல் தனஞ்செயனுடைய பொத்தானில் இறங்கிவிட்டது. அவர் காதில் விழாது, தெரியும், யார் காதிலும் விழாது, கிணற்றுக்குள் கத்துவதற்குச் சமம், கத்தினேன், தடுப்பை எடுக்கச் சொன்னது யாரு? கல்லுப்பாலத்துத் தடுப்பை எடுக்கச் சொன்னது யாரு? பதில் வேணும், இன்னைக்குப் பதில் வேணும். அமைச்சரின் சிரிப்பு நின்றது. அவர் கண் கேமராவை விட்டு அங்கே இங்கே அலைந்தது, பிறகு திரும்பி வந்தது. அந்தம்மா கேக்கறாங்க பாருங்க, என்றார், லைவில், நாடே பார்க்க. தடுப்பை எடுங்கன்னு நான் சொல்லலைங்க. கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னுதான் சொன்னேன். அவங்க எடுத்தாங்க. எடுத்தவங்க திரும்ப வெக்கணுமா இல்லையா? அதுக்கும் நானாங்க பொறுப்பு? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பார்கள், அதைக் கதையாகக் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை. உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில் இது.

மேடம், என்றான் அருள்தாஸ், கெஸ்ட் பொத்தான் ஆன்ல இருக்கு. டீ கப்பை நகர்த்தினேன். சின்னச் சிவப்பு விளக்கு, கப்புக்குப் பின்னால் இவ்வளவு நேரமும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அப்படியென்றால் நான் கத்தியதெல்லாம். அவர் காதில். வீட்டில் பார்க்கிறவர்களுக்குக் கேட்டிருக்காது, அவருக்கு மட்டும்தான். நேயர் யாரோ போனில் வந்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறார் மனுஷன், பெண் குரல் என்றதும். வேலை போயிற்று என்பது தெரிந்தது, ஆனால் அந்தப் பயத்தைப் பார்க்க நேரமில்லை, ஏனென்றால் நான் இடது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தனஞ்செயனை. கேட்காமலே வந்து மடியில் விழுந்திருக்கிறது. யார் கல்யாணம் சார் என்று கேட்டால் போதும். நேரமாச்சுன்னு யார்கிட்ட சொன்னீங்க என்று கேட்டால் போதும். ஒன்றுமே தெரியாத ஆள்கூட, என்ன தடுப்பு சார், என்றாவது கேட்பான். மனுஷனுக்கு இயல்பாக வருகிற கேள்வி அது, அதைக் கேட்காமல் இருக்கத்தான் பயிற்சி வேண்டும். இவருக்குப் பயிற்சி இருக்கிறது. கண்ணில் ஒரு நொடி எதுவோ வந்தது, வந்ததை விழுங்கினார், புன்னகைத்தார், ரொம்ப வெளிப்படையா பேசினீங்க சார், என்றார். பாவி. பாவி மனுஷா. என் கை சிவப்பு விளக்கை அணைக்கப் போனது, அணைக்கவில்லை. இந்தத் தடவை தவறுதலாக இல்லை. குனிந்து நிதானமாக மைக்கில் சொன்னேன், அப்ப அங்க காவலுக்கு நின்ன போலீஸையும் ஏன் சார் உங்ககூடவே கூட்டிட்டுப் போனீங்க? அமைச்சர் முகம் கறுத்தது. இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு இப்போது விளங்கிவிட்டது, சாப்பிட்டேன் சார் என்று சொன்ன குரல். கை மெல்ல மேலே போனது, இயர்பீஸைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டது. ஆக இந்தப் பக்கத் திரையில் ஒருவர், அந்தப் பக்கத் திரையில் ஒருவர், இரண்டு பேர் காதிலும் ஒன்றும் இல்லை, இவர் சொல்வது அவருக்குக் கேட்காது, ஆனாலும் இருவரும் கைகூப்பி, நன்றிங்க, நன்றி சார், நேரமின்மை காரணமாக, என்று பேசிக்கொண்டே போனார்கள். எங்கள் தொழிலில் நேரம் எப்போதும் நான்காவது கேள்விக்குத்தான் பற்றாமல் போகும். என் பெயர் சின்ன எழுத்தில் ஓடி முடிந்தது.

முதலில் ஆசிரியர் கூப்பிட்டார். வீடியோவைப் போடலாம் சார், அவர் தரப்பு வந்தாச்சு, என்றேன் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே. பதில் வந்திருக்கு, ஆனா கேள்வி எங்கம்மா இருக்கு, கேள்வி இல்லாத பதிலை எப்படிப் போடறது, நீ முதல்ல மேல வா, என்றார். போனை வைத்துவிட்டு அருள்தாஸிடம், அடுத்த செய்தியில அந்த வீடியோவைப் போடு, நான் சொன்னேன்னு போடு, என்றேன். அவன் என்னைப் பார்த்தான், தேட ஆரம்பித்தான். எனக்கு உள்ளே ஜிவ்வென்று இருந்தது, சாதித்துவிட்டேன் என்கிற மாதிரி, நான் மட்டும் வேறு ஜாதி, தனஞ்செயன் வேறு ஜாதி என்கிற மாதிரி. அப்போதுதான் லூர்துமேரி அக்காவின் போன் வந்தது. பாத்தீங்களாக்கா என்றேன். பாத்தேன் தாயி, என்றார், குரல் அழுது ஓய்ந்திருந்தது. அந்தம்மா கேக்கறாங்கன்னு என்னையத்தான சொன்னாரு, மூணு மட்டம் போய் நின்னேன்லா, ஞாவகம் வச்சிருக்காரு பாரேன். அந்தத் தம்பி வேற என்னமோ உடம்பப் பத்திக் கேக்காரு, இவரா வாயத் தொறந்து சொல்லுதாரு. கேக்காமலே சொல்லுத மனுசன், கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாரேம்மா. எம்புள்ளைக்குக் கெட்ட பேரு வந்திருக்காதே. மூணு மாசமா நீங்க ஏன் தாயி யாருமே கேக்கல? நான் வாயைத் திறந்தேன். அது வந்துக்கா, வீடியோ கிடைச்சதும் நாங்க உடனே ஆசிரியர்கிட்ட பேசினோம், சேனல்ல அதுக்குன்னு ஒரு நடைமுறை இருக்கு, இப்பக்கூட பாருங்க அடுத்த செய்தியில, என்று என் குரல் போய்க்கொண்டே இருந்தது, எனக்கே கேட்டது, மழை என்பது இயற்கை என்கிற அதே ஓட்டத்தில், அதே வழவழப்பில். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னார்.

"நான் அதக் கேக்கல தாயி. ஏன் கேக்கலன்னு கேட்டேன்."